‘காணப்படவில்லை’ என்று வந்த அறிக்கை

கேள்வி: எனக்கு 36 வயது, நியூஜெர்சியில் வசிக்கிறேன். அம்மாவுக்கு 44ஆம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பின் திருச்சியில் நலமாக இருக்கிறார். சித்தி சினைப்பைப் புற்றுநோயால் இறந்துவிட்டார். 2021இல் நான் எச்சில் மாதிரி அனுப்பிச் செய்துகொண்ட மரபணுச் சோதனையில், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களைப் பற்றிய பகுதியில் ‘மாற்றம் காணப்படவில்லை’ என்று வந்தது. அண்மையில் அதன் மூலத் தரவை வேறொரு இணையச் சேவையில் ஏற்றிப் பார்த்தேன். பிஆர்சிஏ2இல் தீங்கான மாற்றம் இருப்பதாகக் காட்டுகிறது. எதை நம்புவது? அம்மாவிடம் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போதைக்கு இரண்டில் எதையும் முடிவாகக் கொள்ளாதீர்கள். உங்களை ஆறுதல்படுத்திய முதல் அறிக்கையைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வீட்டுச் சோதனை ஒன்றுக்கு முதன்முறையாக பிஆர்சிஏ முடிவுகளை நேரடியாக மக்களுக்கு வழங்க அனுமதி அளித்தபோது, அந்தச் சோதனை பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களைத்தான். அவை கிழக்கு ஐரோப்பாவைப் பூர்விகமாகக் கொண்ட அஷ்கெனாசி யூதரிடையே ஏறத்தாழ 40 பேரில் ஒருவருக்கு இருப்பவை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் இவ்விரு மரபணுக்களிலும் நோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று அறியப்பட்ட மாற்றங்களோ ஆயிரக்கணக்கானவை. அந்த மூன்றில் ஒன்றான 185டெல்ஏஜி தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் தமிழ்க் குடும்பங்களில் காணக்கூடிய மற்ற மாற்றங்களை அந்தச் சோதனை தேடவே இல்லை. 2023இல் இத்தகைய சோதனையொன்று 44 மாற்றங்கள் வரை பார்க்க அனுமதி பெற்றது; உங்கள் அறிக்கை அதற்கு முந்தையது. ஆகவே ‘காணப்படவில்லை’ என்ற சொல்லை, ‘தேடிய அந்தச் சில இடங்களில் காணப்படவில்லை’ என்று மட்டுமே படியுங்கள்.

இரண்டாவது முடிவுக்கு வருகிறேன். மூலத் தரவு என்பது, மரபணுவில் முன்கூட்டியே குறித்துவைத்த புள்ளிகளை மட்டும் ஒரு சில்லு படித்துத் தரும் பட்டியல். பலரிடமும் காணப்படும் மாற்றங்களை அது நன்றாகவே படிக்கும். மிக அரிய மாற்றங்களில் அடிக்கடி தவறிவிடும். இப்படி மூலத் தரவில் மாற்றம் இருப்பதாக அறிந்து மருத்துவ ஆய்வகத்துக்கு வந்த 49 பேரின் மாதிரிகளை அமெரிக்காவில் மீண்டும் சோதித்தபோது, அங்கே காட்டப்பட்டிருந்த மாற்றங்களில் 40 விழுக்காடு உண்மையில் இல்லாதவை என்று 2018இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உங்களுக்குக் காட்டப்பட்டதும் பொய்யாக இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்யாமல் அறுவை சிகிச்சையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஆனால் அவ்விரு அறிக்கைகளையும் விட வலுவான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்ட தாய், சினைப்பைப் புற்றுநோய் கண்ட சித்தி: எந்தச் சோதனையும் செய்யாதிருந்தாலும், இந்த ஒன்றே உங்களை மரபியல் ஆலோசகரிடம் அனுப்பப் போதுமானது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 விழுக்காடுதான் என்றாலும், பிஆர்சிஏ2இல் தீங்கான மாற்றம் உள்ள பெண்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் அந்நோய் வருகிறது என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் சோதிக்கப்பட வேண்டியவர் அம்மா. நோய் கண்டவரிடம் மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால், அதே மாற்றம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அப்போது கிடைக்கும் ‘இல்லை’ என்ற பதிலுக்குத்தான் உண்மையான மதிப்பு. அம்மாவிடம் எதுவும் தெரியாத நிலையில் உங்களிடம் மட்டும் தேடினால், கிடைக்காமல் போவதற்கு என்ன பொருள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ, மருத்துவ மரபியல் துறை உள்ள வேலூர் சி.எம்.சி.க்கோ அவர் சென்று வரலாம். இரு மரபணுக்களையும் முழுமையாகப் படிக்கும் சோதனை வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று முடிவு வந்தால் கலங்க வேண்டாம். நம் மக்களின் மரபணுத் தரவு உலகச் சேகரிப்புகளில் குறைவாக இருப்பதால், நமக்கு அப்படி வருவது சற்று அதிகம். அதை வைத்துச் சிகிச்சை முடிவு எதுவும் எடுப்பதில்லை.

நீங்கள் சோதனை செய்துகொள்ளும் முன் ஒன்று. 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், மரபணு முடிவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது; ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் ஆலோசகரிடம் முதலிலேயே பேசுங்கள்.

அம்மாவிடம் பேசத் தயங்குவது எனக்குப் புரிகிறது. தன்னால்தான் மகளுக்கு இது வந்ததோ என்று அவர் வருந்துவார் என்று அஞ்சுகிறீர்கள். தொலைபேசியில் முடிவுகளைச் சொல்லித் தொடங்காமல், சித்திக்கு எந்த வயதில் நோய் தெரிந்தது, பாட்டி எதனால் இறந்தார், அம்மாவின் பயாப்ஸி அறிக்கை வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா வழி அத்தைகளைப் பற்றியும் கேளுங்கள், ஏனெனில் இந்த மாற்றம் தந்தை வழியாகவும் வரும். உங்களுக்கு உதவவே கேட்கிறீர்கள் என்று தெரிந்தால், ஆலோசகருக்கு வேண்டிய குடும்ப வரலாற்றில் பெரும்பகுதியை அவரே சொல்லிவிடுவார்.