ஃபவுண்டேஷன் இயர் பையன் எங்க தங்குறது?

கேள்வி: பையனுக்கு இங்கிலாந்துல ஃபவுண்டேஷன் இயர் (டிகிரிக்கு முன்னாடி படிக்கற தயாரிப்பு வருஷம்) சீட் கிடைச்சிருக்கு, 18 இன்னும் முடியல. யுனிவர்சிட்டி ஹாஸ்டலா, வெளில ரூமா?

பதில்: வயசுதான் முதல் சிக்கல். 18 ஆகலைன்னா பிரைவேட் ஹாஸ்டல்காரங்க நிறைய பேர் சேத்துக்கவே மாட்டாங்க, அதனால யுனிவர்சிட்டி ஹாஸ்டல், இல்லேன்னா ஒரு குடும்பத்தோட தங்குற ஹோம்ஸ்டே, அவ்ளோதான். "முதல் வருஷ ஸ்டூடண்ட்ஸுக்கு ரூம் கேரண்டி"ன்னு பெருசா போட்டிருப்பாங்க, அதுல ஃபவுண்டேஷன் இயரும் சேருமான்னு மெயில்ல கேட்டு பதில எழுத்துலயே வாங்கி வைங்க, சில இடத்துல சேராது, சேர்ந்தாலும் கடைசி தேதிக்குள்ள அப்ளை பண்ணாதான் செல்லும். காண்ட்ராக்ட் எத்தனை வாரம்னும் பாருங்க, 40 வாரமும் உண்டு 51 வாரமும் உண்டு, வார வாடகை கம்மியா இருக்கேன்னு 51 எடுத்தா லீவுல ஊருக்கு வந்து உங்க வீட்டுச் சோறு சாப்பிடுற நாளுக்கும் அங்க வாடகை ஓடும்.

அடுத்த வருஷம் வெளில வீடு எடுத்தா அந்த நாட்டுல இருக்கற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து போடணும்னு பெரும்பாலும் கேப்பாங்க. அட்வான்ஸ் சாதாரணமா அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, வாங்கினத வீட்டுக்காரர் 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச டெபாசிட் ஸ்கீம்ல (அட்வான்ஸ் பணத்த பாதுகாக்குற திட்டம்) பதியணும், அந்த ரசீத பையன கேட்டு வாங்கச் சொல்லுங்க.