வரலாறு படித்தவர் புவியியல் வகுப்புக்குள் போகும்போது

கேள்வி: வரலாற்றில் பட்டம் பெற்று, பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல். புவியியலைப் பள்ளியோடு விட்டவள் நான். பொருளியல் பக்கமே போனதில்லை. எப்படித் தயாராவது?

பதில்: வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பாடத்தையும் கரைத்துக் குடித்த பிறகுதான் வகுப்புக்குள் போகலாம் என்றால் ஒருவரும் போக முடியாது. புவியியல் பட்டதாரிகள் சோழர் பாடத்தில் திணறுவதும் உண்டு. உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் பயப்படுவது புவியியலுக்காக இல்லை, வரலாற்றுக்காக. தெரிந்த பாடம் என்பதால் நாற்பது நிமிடமும் நீங்களே பேசிவிட்டு வந்துவிடுவீர்கள்.

முதலில் புவியியல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பாடநூல்களின் புவியியல் பகுதியை வரிசையாக வாசியுங்கள். கல்லூரிப் புத்தகம் இப்போது வேண்டாம். வாசித்ததை ஒரு கணக்காக மாற்ற முடியுமா என்று பாருங்கள். இந்தியாவின் திட்ட நேரத்துக்கு 82° 30' கிழக்குத் தீர்க்கக்கோடு என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பெருக்கச் சொல்லுங்கள். கிரீன்விச் நேரத்தைவிட நாம் முந்தியிருக்கும் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம், அவர்கள் நோட்டிலேயே வந்து நிற்கும். குஜராத்துக்கும் அருணாச்சலத்துக்கும் இடையே சுமார் 29 பாகை இருப்பதால் சூரியன் உதிப்பதில் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசம் வருவதை அடுத்து அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம், இந்திய வரைபடத்தைப் பார்க்காமல் கரும்பலகையில் போடப் பழகுங்கள். வீட்டுத் தரையில் சாக்பீஸால் பத்து முறை போட்டால் கை வந்துவிடும்.

வரலாற்றுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ‘அப்போதே நம்மிடம் தேர்தல் இருந்தது’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். குடவோலைக்கான (ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, எடுத்து, ஊர்ச் சபைப் பொறுப்புக்கு ஆள் தேர்ந்த முறை) தகுதிகளை எளிய தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள்: கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவை) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை, வேதப் பயிற்சி; பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. ‘இந்த ஊரில் உங்கள் வீட்டிலிருந்து யார் நின்றிருக்க முடியும்?’ என்ற ஒரே கேள்வி போதும். நிலமில்லாதவர், பெண்கள் என்று விடுபட்டவர்களின் பட்டியல் நீளும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதியை யாராவது ஒரு பையன் மெச்சவும் செய்வான். இரண்டும் சரிதான். அங்கிருந்து குடிமையியலுக்கு ஒரு எட்டுதான்: ஊராட்சிகளுக்கான 1992-இன் 73-ஆவது அரசியல் சட்டத்திருத்தம், ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது, தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம்.

பொருளியலுக்கு ஓட்டல் பில் ஒன்றைக் கொண்டு போங்கள். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று ஏன் இரண்டு வரிகள் என்று கேட்டாலே மத்திய, மாநில வரிப் பங்கீடு தொடங்கிவிடும்.

பாடக்குறிப்பு ரெக்கார்டை அழகாக எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் வகுப்பில் கேட்கப்போகும் அந்த ஒரு கேள்வியைத் தனியாக ஒரு துண்டுத்தாளில் வைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டுக்கும் தெர்மாகோலுக்கும் செலவிடும் இரவுகளில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

முதல் சில நாள்கள் பெரும்பாலும் வகுப்பைப் பார்ப்பதிலேயே போகும். வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுப் பழைய தேர்வு விடைத்தாள்கள் பத்தை வாங்கி, வரைபட வினாவை மட்டும் பாருங்கள். நர்மதையை வங்காள விரிகுடாவில் கொண்டுபோய் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் பாடக்குறிப்பை அங்கிருந்தே எழுதலாம்.