படுக்கையில் கிடந்து நித்திரையைத் தேடாதீர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது, களுவாஞ்சிகுடி. ஒரு வருடமாக நித்திரை இல்லை. இரவு எட்டரைக்கே படுத்து விடுவேன். கண் மூட 12 மணி தாண்டும். 3 மணிக்கு முழிப்பு. பிறகு ஐந்தரை வரை அரைத் தூக்கம். எல்லாம் கூட்டினால் ஐந்து மணித்தியாலம் வருமோ தெரியாது. மத்தியானம் இரண்டு மணித்தியாலம் படுப்பேன். கட்டாரில் இருக்கும் மகன் இரவு 11 மணிக்குத்தான் கோல் எடுப்பான். கடல் இரைகிற இரவுகளில் சுனாமி நினைவு வந்து நெஞ்சு படபடக்கும். பிரசர் கிளினிக் மருந்து எடுக்கிறேன். மச்சி தடிமன் குளிசை ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னாள். குளிசை இல்லாமல் வழி உண்டா?

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

வழி உண்டு. கொஞ்சம் வைராக்கியம் வேண்டும்.

எட்டரை முதல் ஐந்தரை வரை ஒன்பது மணித்தியாலம் படுக்கையில் கிடக்கிறீர்கள். நித்திரை ஐந்து. மிச்சம் நாலு மணித்தியாலமும் புரண்டு புரண்டு யோசிக்கிற நேரம். ஒரு வருடமாக இப்படியே போனதில், தலையணையைக் கண்டதும் மனம் முழித்துக்கொள்ளப் பழகிவிட்டது. ரீவிக்கு முன்னால் கதிரையில் கண் சொருகும், படுக்கப் போனால் கண் விரியும். அப்படித்தானே?

நித்திரை காணாதென்றால் வேளைக்குப் படு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதுதான் உங்களைக் கெடுத்தது. இன்றிலிருந்து இரண்டு கிழமைக்கு இரவு 11.30க்கு முன் படுக்காதீர்கள். எப்படிப்பட்ட இரவு கழிந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், விடிய 5.30க்கு எழும்புங்கள். படுத்து இருபது நிமிடமளவில் கண் அயராவிட்டால் எழும்பி விறாந்தையில் போய் இருங்கள். மங்கலான வெளிச்சத்தில் தேவாரம் படிக்கலாம், துணி மடிக்கலாம். மணிக்கூட்டையும் போனையும் பார்க்க வேண்டாம். கண் சொருகினால் மட்டும் திரும்பிப் போங்கள். மூன்று மணி முழிப்புக்கும் இதே வைத்தியம்தான். படுத்த கையோடு நித்திரை வருவது ஒரு கிழமை நிலைத்தால், படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு இன்னொரு பதினைந்து.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பில்லை. நாட்பட்ட நித்திரையின்மைக்குக் குளிசைக்கு முதல் இப்படியான பழக்க மாற்றச் சிகிச்சையையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது. ஆனால் வலிப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நித்திரை நேரத்தைக் குறைக்கக் கூடாது.

மத்தியான நித்திரையை விட்டுவிடுங்கள். எண்ணெய் முழுக்கன்று பகலில் கண் அயர விடாத அம்மாமாரின் கண்டிப்பை இனி எல்லா நாளுக்கும் வையுங்கள். தாங்கவே முடியாதென்றால் மூன்று மணிக்கு முன், கதிரையில், இருபது நிமிடம்.

அடுத்தது தேத்தண்ணி. அதிலுள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆறரைக்குக் குடித்த பிளேன்டீயில் பாதி, பதினொன்றரைக்கும் உங்களுக்குள் இருக்கிறது. இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். பாலில் சாதிக்காய் போடுவதென்றால் வாசத்துக்கு ஒரு சிட்டிகை போதும்; அளவு கூடினால் நெஞ்சு படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டு போகும்.

சூரியன் கடலிலிருந்து எழும்புகிற கரையில் இருக்கிறீர்கள். எழும்பினதும் அரை மணித்தியாலம் கடற்கரையில் நடவுங்கள். கண்ணில் படும் அந்த வெளிச்சம்தான் மூளையில் இருக்கிற மணிக்கூட்டைச் சரிசெய்து, இரவு நித்திரை வரும் நேரத்தையும் குறித்து வைக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீடு இரவிலும் அனலாகக் கிடக்கும். படுக்க ஒன்றரை மணித்தியாலம் முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளியுங்கள். குளித்த பிறகு உடம்புச் சூடு இறங்கும், அந்த இறக்கத்தில் நித்திரை வரும். மெல்லிய பருத்திச் சீலை விரித்துப் படுங்கள்.

மகனின் கோலை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கட்டார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அவன் விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் இங்கே ஏழரை. அந்த நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அவன் குரல் கேட்டு விட்டுப் பகலைத் தொடங்கலாம், இரவில் காத்துக் கிடக்கத் தேவையில்லை.

தடிமன் குளிசை வேண்டாம். மறுநாள் தலை கிறங்கும், வாய் வறளும், நாளாக நாளாக நித்திரையும் தராது. கிளினிக்கில் இரண்டு விஷயம் கேளுங்கள். சலம் கூடப் போகச் செய்யும் பிரசர் குளிசை இருந்தால் அதைக் காலையில் எடுக்கலாமா? இரவில் திடீரென்று வியர்த்துக் கொட்டினால், மாதவிடாய் நிற்கும் வயதின் காரணமா? கடுமையாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் யாராவது சொன்னால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடல் இரைச்சலை நான் வேறாகவே பார்க்கிறேன். 2004 மார்கழி 26ஐக் கண்ட உடம்பு அந்தச் சத்தத்தை மறக்காது. அதில் உங்கள் பலவீனம் எதுவுமில்லை. மேலே சொன்ன பழக்கங்களால் மட்டும் அது தீராது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் போய்க் கதையுங்கள். போக முடியாத இரவில் 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

முதல் கிழமை பகலெல்லாம் தலை பாரமாக இருக்கும். அந்த நாட்களில் ஸ்கூட்டி ஓடாதீர்கள், கடைக்குப் போவதென்றால் பஸ்ஸில் போங்கள். இரண்டு கிழமை கழித்து, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.