"3 மதிப்பெண்தானே, ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமா?"

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. 12ஆம் வகுப்பு படிக்கிறாள். இயற்பியலில் விருப்பமான தலைப்பைத் தேர்ந்தெடுத்துத் தானே ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம். 3 மதிப்பெண்தானே! நீட் பயிற்சிக்கு நடுவில் இதற்கு நேரமில்லை. கடையில் ஆயத்தமாக வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்:

வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்தத் "தானே" என்னைச் சுட்டுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே 3 மதிப்பெண்ணுக்காக விரல் நுனியெல்லாம் கீறிக்கொண்டு ஒரு மின்மாற்றியை, அதாவது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியவன் நான். சுற்றி முடித்த பிறகு அதைக் கடையில் வாங்கியவன் என்ற பெயரையும் வாங்கியவன்.

முதலில் கணக்கு. 12ஆம் வகுப்பு இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த 30இல் இரண்டு சோதனைகளுக்குத் தலா 7, பதிவேட்டுக்கு 5, செயல்பாடு ஒன்றுக்கு 3, ப்ராஜெக்ட்டுக்கு 3, வாய்மொழித் தேர்வுக்கு 5. வாய்மொழித் தேர்வில் ப்ராஜெக்ட்டைப் பற்றியும் கேட்பார்கள் என்பதைப் பெற்றோர் பலரும் கவனிப்பதில்லை. கடையில் வாங்கிய பொருளுக்கு 3 மதிப்பெண் கிடைத்துவிடலாம். அதைப் பற்றிய கேள்விக்குக் கடைக்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

நான் ஆசிரியர் அல்லன். கல்வி பற்றி உபதேசிக்கும் தகுதியும் எனக்கில்லை. நீட் தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள் என்பதும், ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் ப்ராஜெக்ட்டையும் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆசிரியரால் இயலாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே "காலம் மாறிவிட்டது, உங்களுக்கு இன்றைய நெருக்கடி புரியாது" என்று பின்னூட்டம் எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுத்து, கீழே உள்ளதைப் படித்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் 2005–06ஆம் கல்வியாண்டில் 12ஆம் வகுப்பு படித்தேன். "எதை வேண்டுமானாலும் செய்யலாம்" என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் மழை வந்தால் ஒலிக்கும் அலாரத்தையும் ஆள் நடமாடினால் எரியும் விளக்கையும் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அவை இரண்டும்தான் பள்ளிக்கு எதிர்க் கடையில் அட்டைப்பெட்டியில் விற்றன. நான் மின்மாற்றியைத் தேர்ந்தெடுத்ததற்கும் பெரிய அறிவியல் ஆர்வம் எதுவும் காரணமில்லை. என் தாய்மாமன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், அவ்வளவுதான். பம்புசெட்டுகளால் பிழைக்கும் எங்கள் ஊர்ப்பக்கம் அத்தகைய கடை இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோடை வந்து மின்னழுத்தம் குறைந்தால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் கருகிப்போய் அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மாமா, நான் கொண்டுபோன பாடப்புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த இரும்புப் பட்டைகளை எடுத்து, ஆங்கில E எழுத்து வடிவப் பட்டையின் நடுக்காலின் அகலத்தையும் அடுக்கின் கனத்தையும் அளந்தார்: 2.4 சென்டிமீட்டர், 2.5 சென்டிமீட்டர், ஆகப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். "நாப்பத்தஞ்ச ஏரியாவால வகுத்துக்க மாப்ளே, அதுதான் ஒரு வோல்ட்டுக்கு எத்தன சுத்துங்கிறது" என்றார். ஏழரைச் சுற்று வந்தது. அதன்படி 230 வோல்ட்டுக்கு, மின்சாரம் உள்ளே போகும் முதன்மைச் சுருளில் 1725 சுற்று. 12 வோல்ட்டுக்கு, மின்சாரத்தை வெளியே எடுக்கும் துணைச் சுருளில் 90 சுற்றும், பளு ஏற்றினால் (பல்பு போல எதையாவது இணைத்தால்) குறையும் அழுத்தத்துக்காக 5 சுற்றும் சேர்த்து 95. இந்த நாற்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, தன் குருநாதர் சொன்னது என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். மின்மாற்றிச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் 4.44 என்ற எண்ணையும் அதிர்வெண்ணையும் சுற்றுகளையும் காந்தப்புலச் செறிவையும் பரப்பையும் பெருக்கி வருவது. அதிர்வெண்ணுக்கு 50, செறிவுக்கு 1 டெஸ்லா என்று போட்டு, பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எழுதினால், 10,000ஐ 222ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது. விடை நாற்பத்தைந்து. மாமாவின் குருநாதர் சொன்ன அந்த எண் என் நோட்டில் தானாக வந்து நின்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, பிற்பாடு பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் உண்டானதில்லை.

சுற்றுவதற்கு ஐந்து மாலைகள் ஆயின. முதன்மைச் சுருளுக்கு 34ஆம் கேஜ் எனாமல் கம்பி, அதாவது மின்காப்புப் பூச்சுள்ள செம்புக் கம்பி. தலைமுடியைவிட இரண்டு மூன்று மடங்கே தடிமனானது, கொஞ்சம் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். ஆயிரத்துச் சொச்சத்தில் அறுந்தது. கம்பி சுற்றும் கூடான பாபினை எந்திரத்திலிருந்து கழற்றி, முனைகளின் எனாமலைச் சுரண்டி, முறுக்கிப் பற்றவைத்து, சிலீவ் மாட்டி, தளர்ந்திருந்த கம்பியைக் கையாலேயே கொஞ்ச தூரம் சுற்றிக்கொண்டு மறுபடியும் எந்திரத்தில் பூட்டினேன். கையால் சுற்றியதை எண்ணவில்லை. எந்திரத்தின் எண்ணி 1725 காட்டியதும் நிறுத்திவிட்டு, மின்காப்புக்கு லெதராய்டு பேப்பர் வைத்து, அதன்மேல் 20ஆம் கேஜ் கம்பியில் துணைச் சுருளைச் சுற்றி 30, 60, 95ஆம் சுற்றுகளில் கம்பியை வெளியே இழுத்து முனை எடுத்தேன்.

அடுத்த தவறு பட்டை செருகியதில் நேர்ந்தது. E வடிவப் பட்டைகளை எல்லாம் ஒரு பக்கமும் I வடிவப் பட்டைகளை எல்லாம் மறுபக்கமும் வைத்து, பார்க்க அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமா எதுவும் சொல்லாமல் 40 வாட் பல்பு ஒன்றைத் தொடரில் சேர்த்து மின்சாரம் கொடுத்தார். துணைச் சுருளில் எதுவும் இணைக்காதபோது எரியவே கூடாத பல்பு மங்கலாகச் சிவந்தது. இரும்பு வண்டுபோல் ரீங்கரித்தது. E பட்டைக்கும் I பட்டைக்கும் இடையில் நின்ற மெல்லிய காற்றிடைவெளியைக் கடப்பதற்கே முதன்மைச் சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றுவிட்டு ஒன்று திசைமாற்றிச் செருகி, போல்ட்டை இறுக்கிய பிறகு பல்பு அணைந்தது. காந்தப் பாதை முழுக்க இரும்பாலேயே மூடிய மின்மாற்றியை 1885இல் புடாபெஸ்டில் மூன்று பொறியாளர்கள் உருவாக்கும் வரை, திறந்த இரும்பு உள்ளகங்களோடுதான் உலகம் மல்லாடிக்கொண்டிருந்தது என்பதைக் கல்லூரியில் படித்தபோது, அந்தச் சிவந்த பல்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பிறகு அளந்தோம். உள்ளீடு 228 வோல்ட். கணக்குப்படி மூன்று முனைகளிலும் 3.97, 7.93, 12.56 வோல்ட் வந்திருக்க வேண்டும். மாமாவின் முள் மீட்டர் காட்டியது 3.8, 7.6, 12.0. எனக்கு அழுகை வராத குறை. மாமா மட்டும் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூணும் ஒரே கணக்குல கொறையுதுன்னா நீ சுத்துன எண்ணிக்கைதான் தப்பு மாப்ளே" என்றார். 30 சுற்றுக்கு 3.8 வோல்ட் என்றால் 228 வோல்ட்டுக்கு 1800 சுற்று. நான் கையால் சுற்றி எண்ணாமல் விட்டவை எழுபத்தைந்து. பளு இல்லாத நிலையில் ஒரு சுருளின் அழுத்தத்தைக் கொண்டு, பிரித்துப் பார்க்காமலேயே இன்னொரு சுருளின் சுற்றுகளை எண்ணிவிடலாம் என்பது பாடப்புத்தகச் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை அப்படி வாசிக்க எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பை மாட்டியதும் 12.0 என்பது 11.0 ஆகக் குறைந்தது. இது கம்பியின் மின்தடை செய்கிற வேலை. முன்னது எண்ணிக்கைப் பிழை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியர் அந்த நான்கு பக்கங்களையும் எடுத்துவிடச் சொன்னார். "புறத்தேர்வாளர் இதையெல்லாம் படிக்க மாட்டார். அளவீடு சூத்திரத்தோடு பொருந்தவில்லை என்றால் உனக்குத்தான் மதிப்பெண் போகும். கணக்குப்படி என்ன வர வேண்டுமோ அதை எழுது" என்றார். பளு ஏற்றி அளந்தது பாடத்தில் இல்லை என்று அதையும் அடித்தார். அவர் கெட்டவர் அல்லர். எனக்கு நல்லது செய்வதாக நம்பித்தான் சொன்னார். நானும் மறுத்துப் பேசவில்லை. புதிய தாளில் 1725 சுற்று, 3.97, 7.93, 12.56 என்று எழுதினேன். நன்றியுரைப் பக்கத்தில் மாமாவின் பெயரை எழுதியிருந்தேன். வெளியாள் உதவியது தெரிந்தால் சிக்கல் என்று அதுவும் நீக்கப்பட்டது. வகுப்பில் எல்லோரும் எழுதிய அதே ஆங்கில வாக்கியங்களில் முதல்வருக்கும் தாளாளருக்கும் நானும் நன்றி சொன்னேன். அவர்கள் இருவரும் அந்த மின்மாற்றியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன், இதை இன்னும் மறக்க முடியவில்லை.

செய்முறைத் தேர்வன்று புறத்தேர்வாளராக வந்த பெண்மணி என் ஏட்டைப் புரட்டினார்.

"எந்த மீட்டர்ல அளந்தேப்பா?"

"முள் மீட்டர் மேடம்."

"ஒரு சின்னக் கோடு எவ்வளவு?"

"0.2 வோல்ட் மேடம்."

"அப்படின்னா 3.97ன்னு எப்படிப் படிச்சே?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, புன்னகைத்துவிட்டு, "எந்தக் கடையில வாங்கினே?" என்று மட்டும் கேட்டார். நானே சுற்றினேன் என்று சொன்னேன். நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் உண்மை அளவீடுகள் இருந்த கிறுக்கல் நோட்டு மாமாவின் கடை மேசையில் கிடந்தது. செய்முறைக்கு 30க்கு 27 வந்தது. போன 3 எதில் போயிற்று என்று மதிப்பெண் பட்டியலில் பிரித்துக் காட்ட மாட்டார்கள். மழை அலாரம் வாங்கிய நண்பனுக்கு 30. அவன்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைக்கிறேன், கொஞ்சம் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "உண்மையாகச் செய்த உனக்கே மதிப்பெண் குறைந்தது, பிறகு எதற்கு என் மகளைச் செய்யச் சொல்கிறாய்?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மதிப்பெண் குறைந்தது செய்ததனால் அன்று. செய்ததை மறைத்து, கடைச்சரக்கைப் போல எழுதியதனால் என்றே நினைக்கிறேன். 3.8 என்றே எழுதி, எழுபத்தைந்து சுற்றின் கதையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மையார் முழு மதிப்பெண் கொடுத்திருப்பாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கடை என்று கேட்டிருக்க மாட்டார்.

நேரம் பற்றி நீங்கள் கவலைப்படுவதும் நியாயமே. தலைப்பை உங்கள் வீட்டருகே என்ன கிடைக்கிறது என்பதிலிருந்து தேர்ந்தெடுங்கள். வாரியத்தின் பாடத்திட்டத்திலேயே மாதிரித் தலைப்புகள் தந்திருக்கிறார்கள்: மின்கலத்தின் அகமின்தடை எவற்றைச் சார்ந்தது என்பது, உள்ளீடற்ற முப்பட்டகத்தில் வெவ்வேறு திரவங்களை ஊற்றித் திசைமாற்றக் கோணத்தை அளப்பது, தானே வடிவமைத்த மின்மாற்றி ஆகியவை அவற்றில் உண்டு. முதலிரண்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும்.

மின்மாற்றிதான் என்றால், நான் செய்ததுபோல் 230 வோல்ட்டில் கை வைக்க விடாதீர்கள். எனக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர் நின்றிருந்தார். கடையில் விற்கும் 230க்கு 12 வோல்ட் மின்மாற்றி ஒன்றை வாங்கி, அதன் 12 வோல்ட்டை உங்கள் மகள் சுற்றும் சுருளுக்கு உள்ளீடாகக் கொடுங்கள். சுவரிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுப்பதை மட்டும் விவரம் தெரிந்தவர் செய்யட்டும். 6 சதுர சென்டிமீட்டர் உள்ளகத்தில் முதன்மைச் சுருளுக்கு 90 சுற்றும், துணைச் சுருளில் 45, 90, 180ஆம் சுற்றுகளில் முனைகளும் போதும். கையாலேயே ஒரு மாலையில் சுற்றிவிடலாம். ஏறத்தாழ 6, 12, 24 வோல்ட் கிடைக்கும். செய்முறைத் தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும் என்பதால் தீபாவளி விடுமுறையில் முடித்துவிடச் சொல்லுங்கள். அளக்கும்போதே எழுதிய நோட்டை, எத்தனை அடித்தல் திருத்தல் இருந்தாலும், தேர்வு அறைக்கு எடுத்துப் போகட்டும்.

சுற்றி முடித்து மீட்டர் வைத்ததும் எதுவும் வரவில்லை என்றால் பதறாமல் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளீட்டுக்குச் செல்போன் சார்ஜரையோ அடாப்டரையோ மாட்டியிருந்தால் அதிலிருந்து வருவது நேர்த்திசை மின்னோட்டம். மின்மாற்றிக்கு அது உதவாது. அது சரியாக இருந்தால், கம்பி முனையில் எனாமலைச் சுரண்டினாளா என்று பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் அதுதான்.