வாசகர் கேள்விகள்: கண்ணை மூடியிருக்கும் நேரத்தில்

கேள்வி: "அமெரிக்கச் சட்டசபையில் பில்லி கிரஹாம் செய்த ஜெபம்" என்று, அந்தப் பிரபல அமெரிக்கப் பிரசங்கியார் பேரில் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. ஏழைகளைச் சுரண்டிவிட்டு அதற்கு லாட்டரி என்று பேர் வைத்தோம், சோம்பலுக்குப் பரிசு கொடுத்துவிட்டு மக்கள் நலம் என்றோம், மன்னியும் ஆண்டவரே என்று போகிறது. நிஜமாகவே அப்படி நடந்ததா?
(வாசகர், நாசரேத்)

பதில்: நடந்தது. ஆனால் ஆள் பில்லி கிரஹாம் இல்லை. கான்சஸ் மாநிலம், விச்சிட்டா நகரில் போதகராக இருந்த ஜோ ரைட். 1996 ஜனவரி 23 அன்று மாநிலப் பிரதிநிதிகள் சபையில் தொடக்க ஜெபம் செய்ய விருந்தினராக வந்தவர் அவர். வாசகமும் முழுக்க அவருடையதல்ல. முந்தின வருஷம் கென்டக்கியில் பாப் ரஸல் என்ற போதகர் செய்த ஜெபத்தைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டார். (ஜெபத்துக்கு யார் காப்புரிமை கேட்கப் போகிறார்கள்?) கருக்கலைப்பும் அந்தப் பாவப் பட்டியலில் இருந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து வெளியே போனார். வேறு சிலர் அப்புறம் கண்டித்துப் பேசினார்கள். பால் ஹார்வி தன் வானொலி நிகழ்ச்சியில் வாசித்ததும் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

ரைட் சொன்னது சரியா தப்பா என்பதை விட, சொன்ன இடம்தான் எனக்கு உறுத்துகிறது. மசோதா மீது பேசினால் எதிர்க்கட்சி பதில் சொல்லும், குறுக்கே கேள்வி வரும். எல்லாரும் தலை குனிந்து நிற்கும்போது பேசுகிறவரை யார் மறுப்பது? எங்கள் ஊர் ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். "கர்த்தாவே, அசனக் கணக்கு இன்னும் சபைக்கு வரவில்லை என்பதை நீர் அறிவீர்" என்பார். (அசனம் என்றால் சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து.) கர்த்தர் அறிவார், சரி. பொருளாளருக்கு அல்லவா முகம் சிவக்கும்! நமக்கோ ஆமென் சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு.

கேள்வி: அமெரிக்கச் சட்டமன்றங்களில் ஜெபம் செய்ய அரசாங்கச் சம்பளத்தில் போதகர் வைப்பது அவர்கள் அரசியல் சட்டத்துக்கே விரோதம் இல்லையா?
(வாசகி, திருச்சி)

பதில்: இதையே கேட்டுக் கோர்ட்டுக்குப் போனவர் நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ். அங்கே 1965 முதல் ராபர்ட் பால்மர் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர்தான் ஜெபம் செய்துவந்தார். மன்றம் கூடும் மாதங்களில் மாதச் சம்பளம் 319 டாலர் 75 சென்ட். 1983-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஜெபத்தின் பக்கம் நின்றது. அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது என்ற திருத்தத்தை 1789 செப்டம்பரில் நிறைவேற்றிய அதே முதல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), அதே செப்டம்பரில் சம்பளத்துக்குப் போதகர் வைக்கவும் சட்டம் போட்டது. அவர்களுக்கே முரணாகப் படவில்லையே என்றது தீர்ப்பு. தாத்தா காலத்துப் பழக்கம் என்பது எனக்குப் போதுமான நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் சட்டம் இன்றும் அதுதான்.

சேம்பர்ஸ் சளைக்கிற ஆள் இல்லை. 2007-ல் கடவுள் மேலேயே வழக்குப் போட்டார், வெள்ளமும் பூகம்பமும் அனுப்புவதைத் தடுக்க வேண்டும் என்று. யார் மேல் வேண்டுமானாலும் வழக்குப் போட கோர்ட் கதவு திறந்திருக்கிறது என்று காட்டவாம். கடவுளுக்கு விலாசம் இல்லை, சம்மன் சேர்ப்பிக்க வழியில்லை என்று மறு வருஷம் நீதிபதி தள்ளுபடி செய்தார். எல்லாம் அறிந்தவருக்கு இந்த வழக்கு மட்டும் தெரியாமலா போகும் என்றார் சேம்பர்ஸ்! அசனக் கணக்குப் பெரியவரும் அவரும் சந்தித்திருக்க வேண்டும்.

கேள்வி: இந்துப் பிரார்த்தனை அங்கே நடந்ததுண்டா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்டு, மத்திய காங்கிரஸிலேயே. 2000 செப்டம்பர் 14 அன்று, வாஜ்பாய் உரையாற்றிய அதே நாளில், ஒஹையோ மாநிலம் பார்மா சிவ விஷ்ணு கோயில் அர்ச்சகர் வெங்கடாசலபதி சமுத்ராலா பிரதிநிதிகள் சபையைப் பிரார்த்தனையோடு தொடங்கிவைத்தார். மேல்சபையான செனட்டில் முதல்முறை 2007 ஜூலை 12-ல், ராஜன் ஜெட். அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து மூன்று பேர் கூச்சலிட்டார்கள். அவர்களைப் பிடித்து வெளியேற்றிய பிறகுதான் அவர் பிரார்த்தனையைச் சொல்லி முடிக்க முடிந்தது.