வீட்டிலேயே உலோகப் பம்பரம் வார்க்க முடியுமா? வார்த்த பம்பரம் ஏன் தள்ளாடி விழுகிறது?

வீட்டில் உலோகத்தை உருக்கிப் பம்பரம் வார்க்க முடியுமா, எந்த உலோகத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஈயத்தில் இரண்டு வார்த்துப் பார்த்ததாகவும், இரண்டும் பத்து விநாடிகூட நிற்காமல் தள்ளாடி விழுந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

முடியும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு வருடமாக இதைச் செய்துவருகிறேன். உங்கள் பம்பரம் விழுவதற்குக் காரணம், அநேகமாக நீங்கள் உலோகத்தை ஊற்றிய இடம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கேள்வி: 'ஈயம்' என்கிறீர்களே, எந்த ஈயம்?

தமிழில் இந்தச் சொல் ஆபத்தான குழப்பத்தைத் தருகிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் தூவி, தெருவில் உட்கார்ந்து ஈயம் பூசிக் கொடுப்பார்களே, அதுவும் வெள்ளீயம். தூண்டில் குண்டிலும் பழைய பேட்டரிகளிலும் இருப்பது காரீயம். காரீயம் மலிவு, நல்ல கனம், 327 டிகிரியில் உருகிவிடும். பம்பரத்துக்கென்றே படைத்த உலோகம் போலத் தோன்றும். ஆனால் அது நஞ்சு. உருக்கும்போது மேலே படியும் சாம்பல் போன்ற கசடும், அரம் போடும்போது கிளம்பும் தூளும் கையில் ஒட்டி, வீட்டுக்குள் வந்து, சோற்றோடு உள்ளே போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். நீங்கள் உருக்கியது காரீயம் என்றால் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த இரண்டு பம்பரங்களையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

நான் தொடங்கியது வெள்ளீயத்தில். அதுவும் நானாகத் தேர்ந்தெடுத்ததல்ல. என் மனைவியின் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம். அவர் கொடுத்த ஈயச்சொம்பு ஒன்று எங்கள் சமையலறையில் இருந்தது. உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் ரசம் கொதிப்பது 100 டிகிரியை ஒட்டித்தான். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் போச்சு, 232 டிகிரியில் வெள்ளீயம் உருகிவிடும். ஒருநாள் காலையில் புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சொம்பின் அடிப்பாகம் வழிந்து, அடுப்பின்மேல் வெள்ளிக்கட்டி போல உறைந்திருந்தது. மனைவி பகல் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம், "தூக்கிப் போட்டுடாதீங்க, பாட்டியோடது. வேற ஏதாவது பண்ணித் தாங்க" என்றாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்தக் கட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தபோது பம்பரம்தான் தோன்றியது.

பழைய சொம்புகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் முதலில் சோதித்தேன். சுத்தமான வெள்ளீயத்தை மெல்லிய கம்பியாக வார்த்துக் காதருகே வைத்து வளைத்தால், உள்ளே படிகங்கள் உராய்ந்து கறகறவென்று முனகும். காரீயம் முனகாது, காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரி கோடு போடும். இது பட்டறைச் சோதனைதான், ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகாது. சந்தேகம் இருந்தால் உலோகத்தைப் புதிதாக வாங்கிவிடுங்கள். வெள்ளீயம் விலை அதிகம். ஆனால் ஒரு பம்பரத்துக்கு 100 கிராம் போதும், கெட்டுப்போனால் திரும்ப உருக்கிக்கொள்ளலாம்.

மற்ற உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்துக்கு 660 டிகிரி வேண்டும். தேங்காய்த் தொட்டிக் கரியும் ஒரு ஊதுவிசிறியும் இருந்தால் எட்டிவிடலாம். பழைய பாத்திரத்தைவிட வண்டி பிஸ்டன் நன்றாக ஓடி நிரம்பும், அதில் சிலிக்கான் கலந்திருப்பதால். ஆனால் எடை இல்லை. 4 செ.மீ. விட்டமும் 1 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு வில்லை வெள்ளீயத்தில் 90 கிராமுக்குச் சற்று மேல் வரும், அலுமினியத்தில் 34 கிராம்தான். பித்தளை அழகு, கனம், எல்லாம் சரி. ஆனால் அது உருகுவதற்கு 900 டிகிரிக்கு மேல் போகவேண்டும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல உடம்பைப் போட்டு ஆட்டும். வீட்டில் வேண்டாம்.

இப்போது வார்ப்புக்கு வருகிறேன். முதலில் மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். கடைசல் பட்டறையில் படம் வரைந்து கொடுத்தால் கடைந்து தருவார்கள். மிக அகலமான இடத்தில் அதை இரண்டாக அறுத்து, நடுவில் ஒரு முளை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். அச்சுக்கு, ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் இரண்டு பெட்டிச் சட்டங்களில் மணலை இறுக்க வேண்டும். மாதிரியின் ஒரு பாதி கீழ்ப்பெட்டி மணலில், மறுபாதி மேல்பெட்டி மணலில். பெட்டிகளைப் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டுத் திரும்ப மூடினால், மிஞ்சும் குழிதான் உலோகம் நிரம்பும் இடம். ஆற்று மணல் உதவாது, பரல் பெரிது. சலித்த மெல்லிய சிலிக்கா மணலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக பென்டோனைட் களிமண்ணைச் சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல்தடம் அப்படியே பதிய வேண்டும். உடைத்தால் உதிராமல் இரண்டு துண்டாக உடைய வேண்டும். ஃபவுண்டரியில், அதாவது உலோக வார்ப்புப் பட்டறையில், இதைப் பச்சை மணல் என்பார்கள். பச்சை என்றால் நிறமல்ல, ஈரம். பெட்டிகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் முகப்பவுடர் தூவினால் போதும்.

என் முதல் மூன்று பம்பரங்களும் உங்களுடையதைப் போலத்தான் விழுந்தன. மூன்றாவது விழுந்த அன்று, ஃபவுண்டரியில் முப்பது வருடம் மோல்டராக, அதாவது மணல் அச்சு செய்பவராக, இருந்த என் பெரியப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். பம்பரத்தை வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். ஒரே ஒரு இடத்தில் நின்றார்.

"இங்கதானே ஊத்துன?"

ஆமாம் என்றேன். அரம் போட்டு அடையாளமே தெரியாமல் தேய்த்திருந்தேன். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்.

"பக்கத்துல ஊத்தாத கண்ணு. நடுவுல ஊத்து. சுருங்கறது எல்லாம் நடுவுல சுருங்கட்டும்."

விஷயம் இதுதான். உருகிய உலோகம் உறையும்போது சுருங்கும். மெல்லிய இடம் முதலில் உறைந்து, பக்கத்தில் இன்னும் திரவமாக இருக்கும் உலோகத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியாக உறையும் இடத்துக்குக் கொடுக்க யாரும் இல்லை. அங்கே பள்ளமோ, கண்ணுக்குத் தெரியாத பொந்தோ விழும். விளிம்பில் வாய் வைத்து ஊற்றினால் அந்தப் பொந்து விளிம்போரம் விழுகிறது. பம்பரத்தில் ஒரு பக்கம் ஒரு கிராம் குறைந்தாலும் எதிர்ப்பக்கம் அதை வெளியே இழுக்கும், தள்ளாடும். அதையே அச்சின் வழியாக, அதாவது காம்பு வரவேண்டிய இடத்தின் வழியாக ஊற்றினால், குறை என்ன வந்தாலும் நட்டநடுவில் வரும். சுழற்சிக்கு நடுவில் இருக்கும் எடையால் பெரிய பயனும் இல்லை, அது இல்லாததால் பெரிய நட்டமும் இல்லை.

அதனால் இப்போது மாதிரியின் காம்பை 12 மி.மீ. தடிமனாக வைக்கிறேன். மேல்பெட்டி மணலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காம்பின் குழிதான் ஊற்றும் வாய், மேலே புனல் போல அகலப்படுத்திக்கொள்வேன். விளிம்புக்கு நேர்மேலே நான்கு இடத்தில் சைக்கிள் கம்பியால் குத்தி ஓட்டை போட்டால் காற்று வெளியேறும். தடித்த காம்பு கடைசிவரை திரவமாக இருந்து கீழே இருக்கும் உடம்புக்கு உலோகம் கொடுத்துக்கொண்டே இருக்கும். உறைந்த பிறகு காம்பை அறுத்துவிட்டு, லேத் பட்டறையில் நடுவில் துளை போட்டு, 4 மி.மீ. இரும்புக் கம்பியை இறுக்கிவிடுகிறேன். பொந்து இருந்தால் அந்தத் துளையோடு அதுவும் போய்விடுகிறது! வெள்ளீயக் காம்பு நாலு சுழற்றலில் வளைந்துவிடும் என்பதாலும் இரும்பு நல்லது. காம்பு மெல்லியதாக இருந்தால் விரல் அதே தூரம் நகர்ந்தாலும் அதிகச் சுற்று கிடைக்கும்.

முனைக்கு சைக்கிள் பால்ரஸ் குண்டு. கம்பியின் அடியில் சின்னக் குழி போட்டு அரால்டைட் பசை வைத்து உட்காரவைத்தால், தரையில் படுவது ஒரு புள்ளிதான். சுற்றவிடுவதற்கு, முகம் பெரிதாகத் தெரியும் குழிக்கண்ணாடி சரியான இடம். எங்கே விட்டாலும் நடுவுக்கே வந்துசேரும்.

மிச்சம் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிக்க இரண்டு இரும்பு ஸ்கேல்களை விளிம்பில் நிறுத்தி, இணையாக வைத்து, கம்பியின் இரண்டு முனைகளும் அவற்றின்மேல் படும்படி பம்பரத்தைக் கிடத்துங்கள். மெதுவாக உருண்டு, கனமான பக்கம் அடியில் வந்து நிற்கும். அந்தப் பக்கம் அரத்தால் இரண்டு இழுப்பு. திரும்பக் கிடத்துங்கள். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதையே செய்யுங்கள். குண்டு ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த அரைமணி நேரம் இதுதான்.

வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே எடையை வில்லையாகப் பரப்புவதைவிட வளையமாக விளிம்பில் வைத்தால், அதே விட்டத்தில் சுழற்சி நிலைமம், அதாவது சுற்றுவதை விடாமல் தொடரும் தன்மை, இரண்டு மடங்கு. மலேசியாவின் கிளந்தானில் சுற்றும் பெரிய பம்பரங்களைப் பாருங்கள்: உடம்பு மரம், விளிம்பில் கனமான உலோக வளையம். எடை ஐந்து கிலோவை ஒட்டி வரும், ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றும். நான் நடுத்தட்டை 3 மி.மீ. வரை மெலிதாக்கி விளிம்பைத் தடிப்பாக்கிய பிறகுதான் இரண்டு நிமிடத்தைத் தாண்டினேன். அதைவிட மெலிதாக்கினால் உலோகம் விளிம்புவரை ஓடுவதற்குள் வழியிலேயே உறைந்துவிடுகிறது.

வார்ப்புப் பம்பரத்துக்கென்றே ஒரு ஊர் உண்டு. ஜப்பானில் டோக்கியோவை ஒட்டிய கவாகுச்சி. எங்கள் கோவை மாதிரியே ஃபவுண்டரி ஊர். 1964 டோக்கியோ ஒலிம்பிக் தீபக்கொப்பரை அங்கேதான் வார்க்கப்பட்டது. பேகோமா என்ற விரற்கடை அளவுள்ள வார்ப்பிரும்புப் பம்பரம் அந்த ஊரின் பெருமை. ஆதியில் 'பாய்' என்ற சங்கின் ஓட்டில் மணலை அடைத்து மெழுகால் மூடிச் சுற்றினார்கள், பிறகு அதே சங்குச் சுருள் இரும்புக்கு மாறியது. வாளியின்மேல் துணியை இழுத்துக் கட்டி, அதில் கயிற்றால் விட்டு மோதவிடுவார்கள். நம் பிள்ளைகள் விளையாடும் பேபிளேடின் பெயர் இதிலிருந்து வந்ததுதான். நாம் ஆக்கர் குத்தி அடுத்தவன் பம்பரத்தைப் பிளந்த மாதிரி, அந்தப் பிள்ளைகள் எதிராளியின் பம்பரத்துக்கு அடியில் புகுந்து தூக்கி எறிய, தங்கள் பேகோமாவை அரத்தால் தேய்த்துத் தாழ்த்திக்கொள்வார்களாம். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஈரம். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் நொடியில் ஆவியாகி, உலோகத்தை மேலே வாரி இறைக்கும். பச்சை மணலில் இருக்கும் கொஞ்ச ஈரம் மணல் வழியாக வெளியேறிவிடும். அதற்காக மணலைச் சேறாக்கக் கூடாது. பாரிஸ் சாந்து அச்சு கைக்கு உலர்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், மணிக்கணக்கில் சூடுபடுத்தாமல் அதில் ஊற்றாதீர்கள். கரண்டியை முதலில் தீயில் காட்டி உலர்த்துங்கள். வெறும் சிமெண்ட் தரையில் செய்யாமல் மணல் தட்டின்மேல் செய்யுங்கள். பருத்திச் சட்டை, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி, தோல் கையுறை கட்டாயம். உருக்கும் இரும்புக் கரண்டி திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது. சூடு பார்க்க, உருகிய வெள்ளீயத்தில் உலர்ந்த காகிதத் துண்டைத் தொடவிடுங்கள். பழுப்பானால் ஊற்றலாம், சட்டென்று கருகினால் அடுப்பிலிருந்து இறக்கிப் பொறுங்கள்.

அந்தச் சொம்பிலிருந்து நான்கு பம்பரம் வந்தது. மூன்றைத் திரும்ப உருக்கிவிட்டேன். நான்காவது, பெரியப்பா சொன்னபடி நடுவில் ஊற்றியது, 4 நிமிடம் 20 விநாடி நின்றது. மகள் கைபேசியில் நேரம் எடுத்தாள். அதன் அடிப்பக்கம் மனைவி பாட்டியின் பெயரை ஆணியால் கீறியிருக்கிறாள். கீறிய பிறகு எடை சற்று மாறியது, எதிர்ப்பக்கம் இரண்டு இழுப்பு அரம் போட்டேன்.

உங்கள் பம்பரத்தின் ஊற்றுவாய் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுங்கள். முடிந்தால் நடுவில் ரம்பத்தால் அறுத்து உள்ளே பொந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். காரீயம் என்றால் அறுக்க வேண்டாம், அப்படியே ஒரு டப்பாவில் மூடி வைத்துவிடுங்கள்.