ஜனாதிபதி, பிரதமர் இருவரும் உள்ள நாட்டில் அதிகாரம் யாருக்கு?

அரை ஜனாதிபதி முறையில் கடைசியில் யார் சொல்வது நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கைக்காரன் என்பதால் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த முறையில் மக்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள், பாராளுமன்றத்தைத் தனியாகத் தெரிவு செய்கிறார்கள். பாராளுமன்றத்தின் ஆதரவு இருக்கும்வரைதான் பிரதமருக்குக் கதிரை. இருவரும் ஒரே கட்சி என்றால் பெரும்பாலும் ஜனாதிபதி வைத்ததுதான் சட்டம். வேறு கட்சி என்றால்தான் சிக்கல். பிரான்சில் 1986இல் மித்தரோன் ஜனாதிபதி, எதிரணியின் ஷிராக் பிரதமர். உள்நாட்டு நிர்வாகம் பெரும்பாலும் ஷிராக் கைக்குப் போய்விட்டது. அங்கே ஜனாதிபதி நினைத்தவுடன் பிரதமரை வீட்டுக்கு அனுப்ப அரசியல் யாப்பில் வழியில்லை. எந்த நாட்டு யாப்பை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான்.

எங்கள் 1978 யாப்பில் அந்த அதிகாரம் ஜனாதிபதிக்கு இருந்தது. பிரதமரை நீக்கலாம் என்ற வாசகத்தை 2015இல் 19ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. அப்புறம் வந்தது 2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் இருந்தோம். ஜனாதிபதி சிறிசேனவின் முன்னால் மகிந்த ராஜபக்ச பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்ததாகச் செய்தி. அதுவரை பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்க பதவி விலகவும் இல்லை, நம்பிக்கையில்லாப் பிரேரணையில் தோற்கவும் இல்லை. "அப்ப ரணில் இப்ப ஆர்?" என்று அம்மா கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

மகிந்தவுக்குப் பெரும்பான்மை சேரவில்லை. நவம்பர் 9ஆம் தேதி ஜனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தையே கலைத்து வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டார். நீதிமன்றம் அதை இடைநிறுத்த, சபை மறுபடி கூடியது. சபைக்குள் மிளகாய்த்தூள் வீசினார்கள். சபாநாயகர் பொலிஸ் பாதுகாப்போடுதான் உள்ளே வர முடிந்தது.

டிசம்பர் 13ஆம் தேதி நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: அன்றிருந்த யாப்பின்படி நாலரை வருடம் முடியுமுன் ஜனாதிபதி தன்னிச்சையாகச் சபையைக் கலைக்க முடியாது. அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் இரா. சம்பந்தன். பாராளுமன்றத்தின் உரிமையைக் காக்க ஒரு தமிழ்த் தலைவர் வழக்காடி வென்றதை இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன்.

இரண்டு நாளில் மகிந்த விலகினார். டிசம்பர் 16ஆம் தேதி, 51 நாட்களுக்குப் பிறகு, ரணில் மறுபடி பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்தார், தன்னை நீக்கிய அதே சிறிசேனவின் முன்னால்.